ரேகை வைத்த விரலும் மை வைத்த விரலும்

உசிலம்பட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் என்றொரு கிராமம் இருக்கிறது. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி அந்தக் கிராமத்தில் போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். 16 உயிர்கள் மாண்டன. மாண்டவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு. அவர்கள் செய்த குற்றம் யாது? குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்த் தங்கள் பெயர்களைப் பதிந்துகொண்டு, விரல் ரேகை வைத்துக் கொடுக்க மறுத்தார்கள், அவ்வளவே. பிறந்த குலத்தினாலேயே ஒருவனைக் குற்றவாளி என்று கணக்கில் எழுதிய அந்தச் சட்டத்தை ஜனங்கள் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்து வந்தனர். அன்னியச் சர்க்காருக்குக் குடியானவனுடைய விரல் ஒன்றே வேண்டியிருந்தது. அவனுடைய அபிப்பிராயம் வேண்டியிருக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் ரத்தாயிற்று. ஐந்து வருஷம் கழிவதற்குள், 1952-ஆம் ஆண்டு தொடக்கத்தில், அதே கிராமங்களின் ஆண்களும் பெண்களும் ஓட்டுச்சாவடிக்கு நடந்து சென்றனர். தேசத்தை யார் ஆள்வது என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு பெரிய மாறுதல் எந்த நாட்டில் நடந்திருக்கிறது என்று நாம் வியக்கிறோம்.

இன்று அந்த உசிலம்பட்டி, தேனிப் பார்லிமெண்டுத் தொகுதியின் ஓர் அங்கம். சோழவந்தான், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய ஆறு சட்டசபைத் தொகுதிகள் சேர்ந்ததே தேனித் தொகுதி. முதல் இரண்டும் மதுரை ஜில்லாவில் உள்ளவை. மற்றவை 1996-இல் பிரிந்த தேனி ஜில்லாவைச் சேர்ந்தவை. பெரியகுளம் தொகுதி என்று பல்லாண்டு வழங்கியது 2008-இல் நடந்த எல்லைச் சீரமைப்பால் இப்பெயர் பெற்றது.

இந்தத் தொகுதியில் தேர்தல் வரும்போதெல்லாம் இரண்டு பேச்சுக்களை நாம் கேட்கிறோம். 'யாருக்குப் போட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்' என்பது ஒன்று. 'கை நீட்டி வாங்கிவிட்டோம், மாற்றிப் போட்டால் பாவம்' என்பது மற்றொன்று. முதலாவது பயத்திலிருந்து பிறந்தது. இரண்டாவது நாணயத்திலிருந்து பிறந்தது. இரண்டுமே ஓட்டு எப்படிப் பதிவாகிறது என்பதை அறியாததால் நிலைத்திருக்கின்றன. ஆகையால் அந்த விவரத்தைத் தேசத்தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள் நன்கு அறிந்து, ஊர் தோறும் எடுத்துச் சொல்லவேண்டும் என்ற நோக்கத்துடன் இதை எழுதுகிறோம்.

அன்று ஓட்டு யாருக்கு இருந்தது?

1935-ஆம் ஆண்டு இந்தியச் சர்க்கார் சட்டத்தின்கீழ் 1937-லும் 1946-லும் மாகாணத் தேர்தல்கள் நடந்தன. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஜனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பேருக்கே ஓட்டு இருந்தது. நிலத்தீர்வை கட்டுகிறவன், வரி கட்டுகிறவன், படித்தவன் ஆகியோர் பட்டியலில் இடம் பெற்றனர். 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது முதல் இரு போகம் விளைந்த வயல்களில் பட்டா உடையவருக்கு ஓட்டு. அவ்வயலில் நாற்று நட்டவளுக்கு ஓட்டில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை தர முதன்முதல் முன்வந்த மாகாணம் சென்னைதான்; அது 1921-இல். ஆனால் அதுவும் சொத்துள்ள பெண்களுக்கே பயன்பட்டது.

1950 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம் 326-ஆவது ஷரத்தில் இந்த வேலிகளையெல்லாம் ஒரே வீச்சில் வெட்டி எறிந்தது. சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், குலம் கேட்கவேண்டாம். வயது வந்திருந்தால் போதும். அந்த வயது முதலில் 21. அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தத்தினால் 1989 முதல் 18.

முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டவர்கள் பட்டியலில் இருந்தனர். பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆகவே ஒவ்வொரு அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டியின்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். ஓட்டர் தமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டு வந்தார். எழுத்தறியாத ஜனங்கள் எப்படித் தேர்தல் நடத்துவார்கள் என்று ஏளனம் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வடநாட்டில் சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைக் கூறாமல், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதிக் கொடுத்தார்கள். முதல் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அப்படிப்பட்ட பதிவுகளை நீக்கிவிட்டார். கடுமையான தீர்மானந்தான். எனினும், ஓட்டு என்பது குடும்பத்துக்குரியதன்று, ஒரு பெயருக்கும் ஓர் ஆளுக்கும் உரியது என்ற பாடத்தைத் தேசம் அன்றே கற்றுக்கொண்டது.

யாரைத் தேர்ந்தெடுக்கிறோம்?

பார்லிமெண்டுத் தேர்தலில் பிரதம மந்திரிக்கு ஓட்டுப் போடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. தேனியில் பட்டனை அழுத்துகிறவர் தேனியின் ஒரு பிரதிநிதியையே தேர்ந்தெடுக்கிறார். லோக்சபையில் தேர்ந்தெடுக்கப்படும் 543 ஸ்தானங்களில் தமிழ்நாட்டுக்கு 39. சபையில் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெற்றவர், அதாவது முழுச்சபையில் 272 பேரின் ஆதரவுள்ளவர், மந்திரிசபை அமைக்கிறார். அந்த நம்பிக்கை போனால் மந்திரிசபையும் போகும். ஆகவே நமது மெம்பர் டில்லியில் கை தூக்குவதற்கு முன் நாம் இங்கே விரல் நீட்டுகிறோம். இங்கே விரல் விலைபோனால் அங்கே கை யாருக்காகத் தூக்கப்படும் என்று சொல்லவும் வேண்டுமோ?

வெற்றிக்குப் பாதி ஓட்டுக் கிடைக்கவேண்டும் என்ற நிபந்தனை நம் சட்டத்தில் கிடையாது. மற்றவர்களைவிட ஓர் ஓட்டு அதிகம் பெற்றால் போதும். 2024-இல் தேனித் தொகுதியில் 16 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டர்கள் இருந்தனர். ஏப்ரல் 19-ஆம் தேதி நூற்றுக்குச் சுமார் 70 பேர் வந்து ஓட்டளித்தனர். தி.மு.க. அபேட்சகர் தங்க தமிழ்ச்செல்வன் ஏறத்தாழ 2 லட்சத்து 78 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். பெரிய வித்தியாசம் என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் அன்று சாவடிக்கு வராதவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வீட்டிலிருந்தவர்கள் வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம்!

பட்டியலே முதல் வாசல்

ஓட்டுரிமை அரசியல் சட்டத்தில் இருக்கலாம். பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் சாவடியில் அது செல்லாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19-ஆம் தேதி வெளியானபோது, மாகாணம் முழுவதிலும் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் நீங்கியிருந்தன. இறந்தோர், குடிபெயர்ந்தோர், இரு இடத்தில் பதிந்தோர் என்று காரணங்கள் கூறப்பட்டன. காரணம் சரியானதாயினும் சரி, தவறானதாயினும் சரி, தம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது ஓட்டரின் பொறுப்பு. புதிதாகச் சேர 6-ஆம் எண் படிவம். திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் 8-ஆம் எண் படிவம். தகாத பெயரை ஆட்சேபிக்க 7-ஆம் எண் படிவம். 18 வயது பூர்த்தியாவதைக் கணக்கிடும் நாட்கள் இப்போது வருஷத்தில் நான்கு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இதில் ஒரு விசேஷக் கஷ்டம் உண்டு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகள் வழியே நம் தொழிலாளர்கள் இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்புகளில் செல்கிறார்கள். சிலர் மாதக்கணக்கில் அங்கேயே தங்குகிறார்கள். இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்காது. எங்கே சாதாரணமாக வசிக்கிறாரோ அங்கேதான் பதியவேண்டும். 2024-இல் தமிழ்நாடு ஏப்ரல் 19-லும் கேரளம் ஏப்ரல் 26-லும் ஓட்டளித்தன. 2019-லும் ஐந்து நாள் வித்தியாசம் இருந்தது. நம் பக்கம் தேர்தல் நாளாக இருக்கையில் மலைக்கு அப்பால் அது வெறும் வேலை நாள். ஓட்டுரிமையுள்ள தொழிலாளிக்கு ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு கூறுகிறது. தினக்கூலிக்கு ஏலக்காய் பறிக்கும் பெண்மணிக்கு இந்தப் பிரிவை எடுத்துச் சொல்பவர் யார்? ஒருநாள் கூலியை இழந்து ஓட்டுப் போடுகிறவளின் ஓட்டு, ஆயிரம் மேடைப் பிரசங்கங்களைவிட மேலான தேசபக்தி என்போம்.

சாவடிக்குள் நடப்பது

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம்.

ஓட்டுப்பதிவு தொடங்குமுன், கட்சிகளின் ஏஜெண்டுகள் முன்னிலையில் மாதிரிப் பதிவு நடத்தவேண்டும். குறைந்தது 50 ஓட்டுக்கள் போட்டு, யந்திரம் சரியாக எண்ணுகிறதா என்று ஒப்பிட்டுக் காட்டவேண்டும். பிறகு அந்த மாதிரி ஓட்டுக்களை அழித்து, காகிதச் சீட்டுகளை வெளியே எடுத்து, யந்திரத்துக்கு முத்திரை வைக்கவேண்டும். இது வெறும் சடங்கன்று. 2019 ஏப்ரல் 18-ஆம் தேதி நடந்த தேர்தலுக்குப் பிறகு, தேனித் தொகுதியில் ஆண்டிபட்டிப் பகுதியின் பாலசமுத்திரத்திலும் பெரியகுளம் பகுதியின் வடுகபட்டியிலும் ஒவ்வொரு சாவடியில் மே 19-ஆம் தேதி மறுபதிவு நடத்தவேண்டி வந்தது. மாதிரிப் பதிவைக் கையாள்வதில் அதிகாரிகள் தவறியதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. காலையில் விழிப்புடன் நிற்கும் ஏஜெண்டு ஒருவர் ஊர் முழுவதற்கும் எவ்வளவு தொல்லையைத் தவிர்க்கலாம் என்பதற்கு இதுவே உதாரணம். டீ குடிக்கச் செல்லும் ஏஜெண்டால் எந்தக் கட்சிக்கும் லாபமில்லை.

ஓட்டர் உள்ளே வந்ததும் முதல் அதிகாரி பட்டியலில் பெயரைப் பார்க்கிறார். புகைப்பட அடையாள அட்டையோ, கமிஷன் அனுமதித்த வேறு ஆதாரமோ வேண்டும். வீட்டில் கொடுக்கப்படும் தகவல் சீட்டு மட்டும் போதாது. பெயரும் வரிசை எண்ணும் உரக்க வாசிக்கப்படுகின்றன, ஏஜெண்டுகள் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். ஆள் மாறாட்டம் என்று சந்தேகித்தால், ஏஜெண்டு இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அதிகாரி அங்கேயே விசாரிப்பார்.

இரண்டாவது அதிகாரி இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைக்கிறார். இந்த மை 1962 முதல் மைசூரில் உள்ள சர்க்கார் சாய ஆலையில் தயாராகிறது. 1937-இல் மைசூர் மகாராஜா நிறுவிய ஆலை அது. மையில் உள்ள வெள்ளி உப்பு தோலில் பற்றி, வெளிச்சம் பட்டதும் கறுத்து, நகம் வளர்ந்து வெளியேறும் வரை நிற்கிறது. பிறகு ஓட்டர் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கிறார். அன்று ரேகை வாங்கியது ஆளைக் கண்காணிப்பதற்கு. இன்று ரேகை வாங்குவது, இந்த ஓட்டை வேறொருவன் திருடாதிருப்பதற்கு.

மூன்றாவது அதிகாரி தம்மிடமுள்ள கட்டுப்பாட்டு யந்திரத்தின் பட்டனை அழுத்தி ஓர் ஓட்டுக்கு அனுமதி தருகிறார். அதன்பின் ஓட்டர் மறைவிடத்துக்குள் தனியே செல்கிறார். ஒரு பலகையில் 16 வரிசைகள் இருக்கும். கடைசி அபேட்சகருக்குக் கீழே 'நோட்டா' என்னும் வரிசை; 2013-இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பினால் வந்தது. நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், அபேட்சகர்களில் அதிக ஓட்டுப் பெற்றவரே வெற்றி பெறுவார் என்பதை மறக்கலாகாது. வேண்டிய சின்னத்துக்கு எதிரே உள்ள நீலப் பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் அபேட்சகரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சிட்ட சீட்டு ஏழு விநாடி தெரிந்து, அறுந்து உள்ளே விழும். நீண்ட ஒலி கேட்கும். ஓட்டுப் பதிவாகிவிட்டது. மூன்றாவது அதிகாரி மறுபடி அனுமதி தரும் வரை யந்திரம் எதையும் ஏற்காது.

நாம் செல்லுமுன் நம் ஓட்டை யாரேனும் போட்டுவிட்டிருந்தால் திரும்பிவந்துவிடக் கூடாது. தேர்தல் விதிகளில் 49-பி இருக்கிறது. விசாரணைக்குப் பின் நமக்குக் காகிதச் சீட்டு ஒன்று தரப்படும். அதில் குறியிட்டு, உறையில் வைத்துத் தனியே கொடுக்கலாம். கண்பார்வையற்றவரும் உடல் தளர்ந்தவரும் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் ஒருவர் ஒரே ஓட்டருக்குத்தான் அன்று துணை வரலாம். கிழவிகளை வரிசையாகக் கைபிடித்து அழைத்துச் செல்லும் 'பரோபகாரிகளை' நம் அன்பர்கள் இந்த விதியைக் காட்டித் தடுக்கவேண்டும். 2024-இல் 85 வயது கடந்தோரும், நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் ஊனமுற்றோரும் முன்கூட்டி விண்ணப்பித்து வீட்டிலிருந்தே ஓட்டளிக்க வசதி செய்யப்பட்டது.

தேசம் இந்த ஏற்பாட்டுக்கு எவ்வளவு பாடுபடுகிறது என்பதைப் போடி, பெரியகுளம் மலைகளில் காணலாம். சாலையில்லாத சிற்றூர்களுக்கு யந்திரங்கள் குதிரைமேல் ஏறிச் சென்ற தேர்தல்கள் உண்டு. சில நூறு பேருடைய அபிப்பிராயத்தைக் கேட்கச் சர்க்கார் சிப்பந்திகள் மலையேறுகிறார்கள். அன்று போலீஸார் கிராமங்களுக்குச் சென்ற காரியத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரகசியத்தின் எல்லை

இப்போது முதல் பேச்சுக்குப் பதில் சொல்வோம். யாருக்குப் போட்டோம் என்பது தெரிந்துவிடுமா?

பதிவேட்டில் நம் பெயர் இருக்கிறது. யாருக்குப் போட்டோம் என்பது இல்லை. யந்திரத்தில் ஓட்டு இருக்கிறது. போட்டவர் பெயர் இல்லை. கண்ணாடிக்குள் விழும் சீட்டில் அபேட்சகர் பெயர் இருக்கிறது. ஓட்டர் பெயர் இல்லை. சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. யாருக்கு ஓட்டளித்தாய் என்று சாட்சிக் கூண்டிலும் எவரையும் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு கூறுகிறது. நீதிபதி கேட்கக்கூடாததை ஊர் நாட்டாண்மையோ, முதலாளியோ, கட்சிக் கிளைச் செயலாளரோ கேட்க உரிமை ஏது?

ஆனால் உண்மையை மறைக்க நாம் விரும்பவில்லை. ஓட்டுச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் முறை இருந்தது. யந்திரம் வந்தபின் சாவடிவாரியாக எண்ணப்படுகிறது. ஆகவே எந்த ஊரில் யாருக்கு எத்தனை என்பது வெளியாகிவிடுகிறது. தனி ஓட்டரின் ரகசியம் பத்திரமாக இருக்கிறது. ஊரின் ரகசியம் இல்லை. 'உங்கள் ஊர் எங்களுக்குப் போடவில்லை, ஆகவே குழாய் இல்லை' என்று சொல்ல விரும்புகிறவனுக்கு இது இடங்கொடுக்கிறது. பல யந்திரங்களின் ஓட்டுக்களைச் சேர்த்தே கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' என்னும் சாதனத்தை உபயோகிக்கலாம் என்று தேர்தல் கமிஷன் 2008-இல் யோசனை கூறியது. லா கமிஷனும் 2015-இல் அதை ஆதரித்தது. அது சட்டமாகவில்லை. தனி மனிதனுக்குக் கொடுத்த பாதுகாப்பைச் சிற்றூருக்கும் கொடுப்பதே நியாயம். இதைச் சட்டமாக்கும்படி எல்லாக் கட்சி மெம்பர்களையும் தொகுதி ஜனங்கள் நிர்ப்பந்திக்கவேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

விரலின் விலை

இனி இரண்டாவது பேச்சு. வாங்கிவிட்டு மாற்றிப் போடுவது பாவமா?

2019 ஏப்ரல் 16-ஆம் தேதி இரவு, ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கையில், ஆண்டிபட்டியில் வருமானவரி அதிகாரிகள் சோதனையிட்டு 1 கோடியே 48 லட்சம் ரூபாயைக் கைப்பற்றினார்கள். போலீஸார் வானத்தை நோக்கிச் சுடும் அளவுக்கு அங்கே தகராறு முற்றியது. உறைகளில் வார்டு எண்ணும், ஓட்டர் தொகையும், தலைக்கு 300 ரூபாய் என்ற விகிதமும் குறித்திருந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர். அதே நாளில், பணப்பட்டுவாடா முயற்சியின் காரணமாக வேலூர்ப் பார்லிமெண்டுத் தேர்தலை ஜனாதிபதி ரத்து செய்தார். அது மீண்டும் ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடந்தது.

முந்நூறு ரூபாயை ஐந்து வருஷத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குப் பதினாறு பைசா. பெருங்காமநல்லூரில் உயிரைக் கொடுத்தும் கொடுக்க மறுத்த விரலுக்கு இதுதானா விலை?

சட்டம் கொடுப்பவனை மட்டும் குற்றவாளியாக்கவில்லை, வாங்குகிறவனும் குற்றவாளியே. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 170, 173 பிரிவுகளின்படி தேர்தல் லஞ்சத்துக்கு ஒரு வருஷம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே வாங்காதிருப்பதே முதல் தர்மம். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

ஆயினும் நம் கிராமத்துப் பெண்மணிகளின் மனச்சாட்சியை நாம் அறிவோம். கற்பூரத்தின்மேல் சத்தியம் வாங்கிப் பணம் கொடுப்பவன், அவர்களுடைய நாணயத்தையே அவர்களுக்கு விலங்காக மாட்டுகிறான். அவர்களுக்கு நாம் சொல்வது இது: குற்றத்துக்குக் கொடுத்த வாக்கு வாக்காகாது. திருடப் போகிறேன் என்று சத்தியம் செய்தவன் திருடாமல் திரும்பிவந்தால் அவனை யாரேனும் பொய்யன் என்பார்களா? அறியாமல் வாங்கியிருந்தாலும், வறுமையால் வாங்கியிருந்தாலும், மறைவிடத்துக்குள் செல்லும்போது எவருக்கும் நீங்கள் கடன்பட்டவர்களல்லர். அங்கே உங்களோடு இருப்பது உங்கள் புத்தி ஒன்றே. ரகசிய ஓட்டு என்ற ஏற்பாட்டை உலகம் கண்டுபிடித்ததே இதற்காகத்தான்.

எண்ணிக்கையும் அதற்குப் பின்னும்

பதிவு முடிந்ததும் மொத்த ஓட்டுக் கணக்கு எழுதிய 17-சி படிவத்தின் நகலை ஏஜெண்டுகளுக்குத் தரவேண்டும். வாங்காமல் வீடு திரும்பும் ஏஜெண்டு தம் கடமையில் பாதியே செய்தவர். எண்ணும் நாளில் யந்திரம் காட்டும் தொகையும் இந்த நகலில் உள்ள தொகையும் ஒத்துப்போகவேண்டும். யந்திரத்தின்மேல் சந்தேகமுள்ளவர்கள் தேசத்தில் இருக்கிறார்கள். சந்தேகப்படுவது ஜனநாயகத்தில் குற்றமன்று. 2019 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இட்ட உத்தரவின்படி ஒவ்வொரு சட்டசபைப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் காகிதச் சீட்டுகள் கையால் எண்ணப்படுகின்றன. ஆறு பகுதிகள் கொண்ட தேனித் தொகுதியில் முப்பது சாவடிகள். எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை அதே கோர்ட்டு 2024 ஏப்ரல் 26-இல் நிராகரித்தது. சந்தேகத்தைத் தீர்க்கும் நல்ல வழி, ஒவ்வொரு படிவத்தையும் ஒவ்வொரு சாவடியிலும் வாங்கிவைத்து ஒப்பிடுவதே.

முடிவு அறிவித்தபின்னும் ஓட்டரின் அதிகாரம் தீர்ந்துவிடவில்லை. 45 நாட்களுக்குள், தோற்ற அபேட்சகர் மாத்திரமல்ல, தொகுதியின் எந்த ஓட்டரும் ஐகோர்ட்டில் வழக்குத் தொடரலாம். தேனியிலேயே அது நடந்தது. 2019-இல் இத்தொகுதியில் கிடைத்த வெற்றியை எதிர்த்து ஓர் ஓட்டர் போட்ட வழக்கில், வேட்புமனுவில் சொத்து விவரங்கள் சரியாகக் காட்டப்படவில்லை என்று கூறி, 2023 ஜூலை 6-ஆம் தேதி சென்னை ஐகோர்ட்டு அத்தேர்தல் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. மெம்பர் பதவியில் நீடித்தார். வழக்கின் நியாய அநியாயத்தில் நாம் நுழையவில்லை. நான்கு வருஷம் சென்று வரும் தீர்ப்பு பயனற்றதாகிவிடுகிறது என்பதே நமது குறை. தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டமே கூறியிருக்க, ஐந்து வருஷப் பதவியில் நான்கு வருஷம் விசாரணையிலேயே கழிவது தகுமா? எனினும், பெயர் தெரியாத ஒரு பிரஜை தம் தொகுதியின் தேர்தலைக் கோர்ட்டில் நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது என்பதில் நாம் மகிழ்ச்சியடைகிறோம்.

ஆகவே, அன்பர்களே, செய்யவேண்டியவை கடினமானவையல்ல. பட்டியலில் அண்டை வீட்டார் பெயர்களையும் பாருங்கள். தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளிக்கு விடுமுறைச் சட்டத்தைச் சொல்லுங்கள். ஏஜெண்டாக நிற்பவர் காலை மாதிரிப் பதிவு முதல் மாலைப் படிவம் வரை இடத்தைவிட்டு நகராதிருக்கட்டும். பயப்படுகிற பாட்டிக்கும், சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட தங்கைக்கும் யந்திரத்தில் அவர்கள் பெயர் பதிவாவதில்லை என்பதைப் பொறுமையாக விளக்குங்கள்.

விரலில் வைத்த மை சில வாரங்களில் அழிந்துவிடும். அந்த விரலால் செய்த காரியம் ஐந்து வருஷம் நிற்கும். நம் முன்னோர் ரேகை வைக்க மறுத்த விரலை நாம் மை வைக்க நீட்டுகிறோம். அதை நிமிர்ந்து நீட்டுவோமாக.